ஒதுக்கி வைத்த பைகள்

இரத்தம் கொடுத்தவர்களுக்கு மண்டப வாசலில் கொடுத்த மைலோ பக்கற்றைக் கஜீபன் குடிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணையின் மகள் ஜெசிதாவிடம் கொடுத்தான். அவள் குழலைக் கடித்துக் கடித்துக் குடித்து முடித்துவிட்டு, வெறும் பக்கற்றை நிலத்தில் வைத்துக் காலால் மிதித்து வெடி போட்டாள். அந்தச் சத்தத்துக்கு அவன் துள்ளி விழுந்ததை அண்ணையின் மனைவி யசிந்தா கண்டாள். பெடியன் காலையில் ஒழுங்காய்ச் சாப்பிடாமல் இரத்தம் கொடுத்திருக்கிறான், களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றோடு அண்ணை கிறகோரி போய் ஒரு வருடம். போன சோளகக் காற்றுக் காலத்தில் வலை வளைக்கும்போது கயிறு காலில் சுற்றிக் கடலில் விழுந்தவனின் தொடையை, அவனுடைய வள்ளத்தின் எஞ்சின் விசிறியே கிழித்துவிட்டது. கரைக்குக் கொண்டுவந்தபோது வள்ளத்துக்குள் கிடந்தது தண்ணீரா இரத்தமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பை பையாய் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றக் கண் திறந்தான், கதைத்தான், பகிடியும் விட்டான். "யசிந்தா, இதுக்குள்ளை ஏதோ இணுவில் தோட்டக்காரன்ரை இரத்தம் வந்திட்டுது போல. விடிஞ்ச நேரம் தொடக்கம் புகையிலைக்குத் தண்ணி மாற வேணும் மாதிரிக் கிடக்கு." அடுத்த நாள் கிருமி ஏறிக் காய்ச்சல் கூடி, ஆள் போய்விட்டான். என்றாலும் அந்த ஒரு பகல் அவளுக்குக் கிடைத்தது. முகம் தெரியாத ஆரோ கொடுத்த பகல் அது.

ஆண்டுத் திருப்பலி முடிந்த கையோடு பங்கு மண்டபத்தில் இரத்ததான முகாம் வைப்போம் என்று வள்ளத்து ஆட்கள் சொன்னபோது, யசிந்தாதான் முதலில் தலையாட்டினாள். இரத்த வங்கி ஆட்கள் கட்டில்களோடு வந்தார்கள். குருநகர்ச் சனம் வரிசையில் நின்றது. சுவாமியாரும் கையை நீட்டினார். தம்பி என்ற முறையில் முன்வரிசையில் படுத்தவர்களில் கஜீபனும் ஒருவன். பத்தொன்பது வயது. அண்ணை விட்ட இடத்தில் வள்ளம் ஏறியவன்.

அன்று இரவு, ஊர் அடங்கி வெகுநேரத்துக்குப் பிறகு, பின்பக்கத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டு யசிந்தா எழும்பினாள். நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிற வேலை அவளுக்கு. விடிய முந்தி வான் வந்துவிடும். நித்திரை குழம்பினால் கை விறைக்கும்.

"ஆரது? கஜீபனோ? உந்த வாளியிலை நிக்கிறது பவுசர் தண்ணியடா. நாளைக்கு உலை வைக்கிற தண்ணியிலையோ உனக்குக் குளிப்பு?"

"நீங்கள் போய்ப் படுங்கோ மச்சாள்."

அவன் சேட்டைக் கழற்றிவிட்டு, தேங்காய்த் தும்பில் சவுக்காரம் போட்டு நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றான். தேய்த்த வேகத்தில் தோல் உரிந்திருந்தது. யசிந்தா போன் லைற்றை அடித்தாள். இடது பக்க நெஞ்சில், தீப்பெட்டி அளவில், பச்சை நங்கூரம் ஒன்று.

"இது எப்ப குத்தினனீ?"

"பாஸ்குப் பெருநாள் முடிஞ்ச கையோடை."

"ஏன்?"

"அண்ணைக்காக. நாங்கள் நாலு பேரும் குத்தினனாங்கள். வள்ளத்து ஆக்கள்."

யசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பின்னால் நின்றது. "உன்ரை கொண்ணர் போட்ட நங்கூரம் ஒரு நாளாவது பிடிச்சதோடா? காத்துக்கு வள்ளம் இழுபட்டு, மண்டைதீவுப் பக்கம் போய் நிக்கிற மனிசன். வேறை படம் கிடைக்கேல்லையோ உங்களுக்கு? சரி, குத்தினது குத்தியாச்சு. இப்ப ஏன் நடுச்சாமத்திலை உரிக்கிறாய்?"

அவன் தும்பைக் கீழே போட்டான்.

"றமேஸ் போன் எடுத்தவன் மச்சாள்."

றமேஸ் வள்ளத்தின் நாலாவது ஆள். கிறகோரியின் சாவுக்குப் பிறகு கடலைக் கண்டாலே வயிற்றைக் குமட்டுகிறது என்று சொல்லி, கட்டாருக்குப் போகக் கொழும்பில் நின்றான். முகாமுக்கு வரவில்லை.

"மெடிக்கல் பெயிலாம். இரத்தத்திலை எயிட்ஸ் கிருமி இருக்கும் போல எண்டு சந்தேகமாம். திரும்ப ஒருக்காப் பாத்துத்தான் முடிவு சொல்லுவினமாம். மரியரட்ணம் மாமாவுக்கும் கிறிஸ்ரோபர் அண்ணைக்கும் நீ சொல்லு, எனக்கு வாய் வரேல்லை எண்டு அழுதவன்."

"ஐயோ, பாவம் பெடியன். அதுக்கு நீ ஏன்..."

"ஒரே ஊசி மச்சாள்."

அது அப்படித்தான் நடந்தது. பச்சை குத்த வந்த பெடியன் பெட்டி நிறையப் புது ஊசி வைத்திருந்தான். றமேசுக்குக் குத்தி முடித்துவிட்டு அடுத்த ஊசியைப் பிரிக்கப் போனான். வள்ளத்தின் மூத்த ஆளான மரியரட்ணம் அவனுடைய கையைப் பிடித்தார். "மாத்தாதை தம்பி. ஒரு வலை இழுத்த ஆக்கள் நாங்கள். ஒரு ஊசி போதும்." அந்த வள்ளத்தில் தேத்தண்ணிக்கு ஒரு பேணி, சோற்றுக்கு ஒரு சட்டி, மழைக்கு ஒரு படங்கு. ஊசியும் ஒன்றாய் இருப்பது அவர்களுக்குப் பெரிய காரியமாய்த் தெரியவில்லை. சொல்லப்போனால், அதுதான் மரியாதை என்று பட்டது. றமேசுக்குப் பிறகு கிறிஸ்ரோபர், பிறகு மரியரட்ணம், கடைசியாய்க் கஜீபன்.

யசிந்தா தண்ணீர் முடிந்துபோன வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்தாள்.

"அந்த டொக்டர் பிள்ளை முகாமிலை உதெல்லாம் கேக்கேல்லையோ?"

"கேட்டவ. திரைக்குப் பின்னாலை வைச்சு, மெல்லமாய்த்தான் கேட்டவ. ஒரு வருஷத்துக்குள்ளை பச்சை குத்தினனீங்களோ எண்டு."

"நீ?"

"இல்லை எண்டனான்." அவன் சேட்டை எடுத்து நெஞ்சை மூடினான். "திரைக்கு அங்காலை சுவாமியார் நிண்டவர். முழுச் சனமும் நிண்டது. அண்ணைக்கு எண்டு வைச்ச முகாமிலை, தம்பியை வேண்டாமெண்டு திருப்பி விட்டால் என்ன கதைப்பினம்? அப்ப எனக்கு றமேசின்ரை விசயம் தெரியாது மச்சாள். சத்தியமாய்த் தெரியாது."

"தெரியாதடா. எனக்கு விளங்குது."

"எனக்கு வந்தால் வரட்டும். நான் போட்ட கூத்து. ஆனால் அந்தப் பை இப்ப எங்கை நிக்குது? ஆரேன் ஒரு பிள்ளைக்கு ஏத்திப்போட்டால்? அண்ணைக்கு அண்டைக்கு ஏத்தினாங்களே, அது மாதிரி ஆரும் ஒருத்தர் கண்ணைத் திறந்து பகிடி விட்டுக்கொண்டு கிடப்பினம். உள்ளுக்கை என்ரை இரத்தம்."

கணவனின் செத்தவீட்டில் கூட யசிந்தா வாய் விட்டு அழாதவள். இப்போதும் அழவில்லை. "அவை ஒரு துண்டு தந்தவை எல்லே, நம்பரோடை?" என்று கேட்டாள்.

துண்டு அவனுடைய காற்சட்டைப் பைக்குள் கசங்கிக் கிடந்தது. பிறகு ஏதும் நினைவு வந்தால், உங்கள் இரத்தத்தைப் பாவிக்க வேண்டாம் என்று தோன்றினால், இந்த இலக்கத்துக்கு எடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதில் இருந்தது. "இந்த நேரத்திலை ஆர் நிக்கப் போறாங்கள்" என்றான் அவன். "அடிச்சுப் பார். அவங்கள் எடுக்காட்டில் விடிய ஓடுவம்" என்றாள் அவள்.

போன் மணி இரண்டாம் தரம் அடிக்கும்போதே எடுத்தார்கள். ஒரு ஆண் குரல், நித்திரைக் கலக்கம் இல்லாத குரல். கஜீபன் பெயரைச் சொன்னான், முகாமைச் சொன்னான், "என்ரை பையை ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம்" என்றான். ஏன் என்று சொல்ல வாயெடுத்தான். மற்றப் பக்கம் மறித்தது.

"காரணம் இப்ப வேண்டாம் தம்பி. கொஞ்சம் நில்லுங்கோ, நான் போய்ப் பாத்திட்டு வாறன்." காலடிச் சத்தம் போனது. ஒரு கனமான கதவு திறந்து மூடியது. திரும்ப வந்தது. "இருக்கு. இன்னும் ஒரு இடமும் போகேல்லை. இப்ப நானே எடுத்து வேறை தட்டிலை வைச்சிட்டன். காலமை வாங்கோ, டொக்டரோடை ஆறுதலாய்க் கதைக்கலாம். எடுத்தது நல்ல வேலை தம்பி. போய்ப் படுங்கோ."

போனை வைத்ததும் கஜீபனுக்குப் பசித்தது. மத்தியானத்துப் பாணும் ஆறிப்போன திரளி மீன் குழம்பும் கிடந்தன. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் யசிந்தா பக்கத்தில் இருந்தாள்.

மறுநாள் விடிய நண்டுக் கொம்பனி மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கி லீவு எடுத்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவனுடைய சைக்கிள் பாரில் ஏறினாள். சோளகக் காற்று தெருமண்ணைக் கிளப்பி முகத்தில் அடித்தது. "மிதியடா, தரை தட்டின வள்ளம் மாதிரி நிக்கிறாய்" என்று வழி முழுக்க அவனைக் குத்திக்கொண்டே வந்தாள். அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

டொக்டர் அபிகாயில் முகாமில் கேள்வி கேட்ட அதே ஆள்தான். பருத்தித்துறைப் பக்கத்து மெதடிஸ்த வேதக்காரக் குடும்பம். முப்பது வயதும் வராது. கதிரையைத் தன் மேசைக்கு முன்னால் போடாமல் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருத்தினாள். அவன் சொல்லிமுடிக்கும்வரை இடையில் ஒரு சொல் பேசவில்லை. பொய் சொன்னாயே என்று கேட்கவில்லை. அதைத்தான் அவன் வழி முழுக்கப் பயந்து வந்தான்.

"டெஸ்ட் செய்துதானே பிள்ளை குடுப்பியள்?" என்று யசிந்தா கேட்டாள். "கிருமி இருந்தால் காட்டித்தானே போடும்?"

"ஒவ்வொரு பையும் செய்வம் அக்கா. செய்யாமல் ஒண்டும் இந்தக் கதவாலை வெளியிலை போகாது. ஆனால் கிருமி புதிசாய் உள்ளிட்டால், கொஞ்ச நாளுக்கு எந்த டெஸ்ட்டுக்கும் பிடிபடாமல் இருக்கும். இந்த வருத்தம் உலகத்திலை முதல் வந்த நேரம் அது ஒருத்தருக்கும் விளங்கேல்லை. இரத்தம் ஏத்திப் பிழைச்சவை அதாலையே செத்தவை. இரத்தம் உறையாத வருத்தம் உள்ள சின்னப் பிள்ளையள், இரத்தத்திலையிருந்து எடுத்த மருந்து போட்டுத்தான் ஓடி விளையாடினவை. அந்த மருந்தாலையே கிருமி போய்ச் செத்தவை. சில நாடுகளிலை தெரிஞ்ச பிறகும் பெரிய ஆக்கள் வாய் மூடி இருந்தவை." அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கஜீபனிடம் நீட்டினாள். "எங்கடை ஆக்கள் அதைப் பாத்துப் பயந்தவை. நல்லாய்ப் பயந்தவை. அதாலைதான் இஞ்சை வருத்தம் பெரிசாய்ப் பரவ முந்தியே பை பையாய்ச் சோதிக்கத் துவங்கினவை. காசுக்கு இரத்தம் வாங்கிறதை விட்டவை. பிறகு இந்தக் கேள்வியள். மெஷினுக்குத் தெரியாததைச் சொல்ல மனிசர்தான் வேணும். அதுக்குத்தான் அந்தத் துண்டும், இரவிலை போன் எடுக்க ஆளும்."

"எத்தினை பேர் எடுப்பினம் பிள்ளை?"

"குறைவு." அவள் கஜீபனைப் பார்த்தாள். "எடுக்கிற ஆள் எனக்குப் பெரிய ஆள்."

அவனுக்குக் காது சூடானது. அந்தச் சூட்டில் வாய் தவறியது. "நான் மட்டுமில்லை டொக்டர்."

டொக்டர் கதிரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"முகாமிலை குடுத்தவையோ?"

"ஓம்."

"ஆர் எண்டு சொல்லுவீங்களோ தம்பி? ஒருத்தருக்கும் தெரிய வராது."

கஜீபன் போத்தலின் மூடியைத் திருகினான். குருநகரில் ஆளை ஏச எத்தனையோ சொல் இருக்கிறது. கடற்கரைச் சொற்கள், வெளியாள் கேட்டால் காதைப் பொத்துவான். எல்லாவற்றிலும் கீழானது "பேர் குடுத்தவன்" என்பதுதான். சண்டைக் காலத்தில் சுற்றிவளைப்புகளில் ஆள் காட்டுகிறவனின் சாக்கு மூடிய தலை ஆடும். ஆடினால் ஆள் போகும், திரும்பாது. மரியரட்ணத்தின் தம்பி அப்படிப் போனவர். கஜீபன் அப்போது பிறக்கவே இல்லை. என்றாலும், அரசாங்க மேசைக்கு முன்னால் இருந்து இன்னொருவனின் பெயரைச் சொல்வது என்றால் என்ன என்று அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. வலது கைப் பக்கத்திலிருந்த யசிந்தாவின் முகத்தைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் எழும்பிக் கதவைத் திறந்து, ஆய்வுகூடப் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"நேற்றைய குருநகர் முகாம். முழுக்க ஒதுக்கி வையுங்கோ. ஒரு பையும் வெளியிலை போகக் கூடாது, நான் சொல்லுமட்டும்."

"முழுக்கவோ டொக்டர்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பின்னேரம் விட வேண்டியதெல்லே?"

"முழுக்க."

திரும்பி வந்து இருந்தாள். "நீங்கள் பேர் சொன்னால் எனக்கு வேலை லேசு. சொல்லாட்டில் எல்லாத்தையும் வைச்சிருப்பன். ரெண்டும் சரி. ஆரெண்டு தெரியாமல் ஒண்டையும் விடமாட்டன்."

"அப்ப வருத்தக்காரர்?" என்று கேட்டாள் யசிந்தா.

டொக்டர் அதை மறைக்கவில்லை. "பிள்ளைப்பேற்று வார்ட்டிலை ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒப்பரேசன். மாதா மாதம் ஏத்திற சின்னனுகளும் நாளைக்கு வருவினம். வேறை வங்கியளிலை கேப்பன், வரும். கொஞ்சம் இழுபடும். அது என்ரை பாடு தம்பி, உங்கடை தலையிலை போடேல்லை. நீங்கள் அவையளைக் கூட்டிக்கொண்டு வர ஏலுமெண்டால் வாங்கோ. அவை தங்கடை வாயாலை சொன்னால் போதும்."

தாதி மிஸ் ஒருத்தி வந்து, அவன் கண்ணுக்கு முன்னால் புது ஊசியின் உறையைக் கிழித்து இரத்தம் எடுத்தாள். முடிவு நாளைக்குத் தெரியுமாம். அது நல்லதாய் வந்தாலும் மூன்று மாதம் கழித்துத் திரும்ப ஒருக்கால் பார்க்க வேண்டுமாம்.

இறங்குதுறையில் வள்ளங்கள் ஏற்கெனவே கரையில் நின்றன. மரியரட்ணமும் கிறிஸ்ரோபரும் படங்கு நிழலில் இருந்து நண்டுகளைக் கழற்றி வலையைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நீலக்கால் நண்டுகள் வலையைச் சுற்றிச் சுற்றிச் சிக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாய்க் கால் முறியாமல் கழற்ற வேண்டும். கால் முறிந்தால் கொம்பனி எடுக்காது.

"ஆ, வாறார் எங்கடை கொடைவள்ளல்" என்றான் கிறிஸ்ரோபர். "ஒரு பை குடுத்ததுக்கு ஒரு நாள் லீவு. ரெண்டு பை குடுத்திருந்தால் பென்சன் கேட்டிருப்பான்."

"கடல் உனக்கென்ன கந்தோரோடா?" என்று மரியரட்ணம் தொடங்கினார். பின்னால் யசிந்தா வருவதைக் கண்டதும் சாரத்தை இழுத்து விட்டுக்கொண்டு அடங்கினார். "என்ன பிள்ளை, வேலைக்குப் போகேல்லையே?"

கஜீபன் நின்றபடியே சொன்னான். றமேசின் போன், ஊசி, பை, டொக்டர் ஆட்களைக் கூட்டி வரச் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். சொல்லும்போது மரியரட்ணத்தின் கையில் ஒரு நண்டு இருந்தது. அது அவருடைய பெருவிரலைக் கவ்விப் பிடித்தது. அவருக்கு அது தெரியவில்லை. கிறிஸ்ரோபர் எட்டி அதன் கொடுக்கை முறித்து எடுத்தான். அவன் வாயிலும் பகிடி இல்லை.

மரியரட்ணம் நிமிர்ந்து கேட்டார். "அங்கை போய் எங்கடை பேரைக் குடுத்தனியோ?"

"இல்லை மாமா."

"பொய் சொல்லாதை. பேந்து என்னெண்டு எங்களைக் கூட்டி வரச் சொன்னவ?"

"ஆரெண்டு அவவுக்குத் தெரியாது. அதாலை முகாமிலை எடுத்த முழுப் பையையும் ஒதுக்கி வைச்சிட்டா."

"முழுக்கவோ?"

"முழுக்க."

"சுவாமியாற்றையுமோ?" என்றான் கிறிஸ்ரோபர்.

"சுவாமியாற்றையும்தான்."

"கடவுளே, அந்த மனிசன்ரை இரத்தத்திலை தேத்தண்ணியைத் தவிர வேறை என்ன கிடக்கும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மரியரட்ணம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டவ எல்லே உன்னை? பேரைச் சொல்லெண்டு?"

"கேட்டவ. நான் சொல்லேல்லை. அதுக்கு ஏசேல்லை. ரெண்டும் சரி எண்டவ."

"ரெண்டும் சரியெண்டோ?" அப்படி ஒரு அரசாங்க ஆளை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அந்தச் சொல்லை வாயில் வைத்து மென்று பார்ப்பது போல இருந்தார். பிறகு முகம் சுருங்கியது. "நான்தானடா மாத்த வேண்டாம் எண்டனான். அவன் பிரிக்கப் போன ஊசியை நான்தான் பிடிச்சனான். இனி என்ரை மனிசிக்கு எந்த முகத்தோடை சொல்லுறது? முப்பது வருசமாய் அவள் என்னை ஒரு சொல்லுக் கேட்டதில்லை. போனால் ஊரே கதைக்கும். மரியரட்ணம் எங்கையோ போய் வாங்கிக்கொண்டு வந்திட்டான் எண்டு கதைக்கும். நான் வரேல்லை. பையை எறியச் சொல்லு. எல்லாத்தையும் எறியட்டும்."

"எறிஞ்சால் நாளைக்கு வார்ட்டிலை கிடக்கிறவைக்கு என்ன செய்யிறது அண்ணை?" என்றாள் யசிந்தா.

அவர் விரலில் கசிந்த இரத்தத்தைச் சாரத்தில் துடைத்தார்.

அவள் குந்தி, அவருக்கு முன்னால் கிடந்த வலையின் மற்றத் தலைப்பைக் கையில் எடுத்தாள். சதை பிரித்துப் பழகிய விரல்கள் ஒரு நண்டைச் சிக்கெடுத்தன. கதையும் அந்த வேகத்திலேயே வந்தது. "அவரைத் தோளிலை போட்டுக்கொண்டு ஓடினது நீங்கள். உங்கடை சேட் முழுக்க அவற்றை இரத்தம். உள்ளை அவங்கள் பை பையாய்க் கொண்டுபோகேக்கை, இது ஆற்றையடா, நல்லதோ கெட்டதோ எண்டு நீங்கள் மறிச்சுக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"நானும் கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை? எங்களுக்கு முன்னாலை குடுத்தவன் உண்மை சொல்லியிருப்பான் எண்டு நம்பினம். அவ்வளவுதான் அண்ணை. உங்கடை மனிசிக்கு நான் வந்து சொல்லுறன். அவ மீன் வெட்டிற கத்தியோடை வந்தால், கத்தியைப் பிடிக்கவும் நான் நிப்பன்."

கிறிஸ்ரோபர் முதலில் எழும்பினான். "வா மாமா. எனக்குத் தனியப் போகப் பயமாய்க் கிடக்கு." இருபத்தெட்டு வயது, மண்டைதீவுக் கடலை நீந்திக் கடந்தவன். வெட்கமில்லாமல் அதைச் சொன்னான்.

மரியரட்ணம் கையைக் கடல் தண்ணீரில் கழுவினார். விரலில் நண்டு கவ்விய இடம் கசிந்துகொண்டிருந்தது. தலைத் துவாயின் கரையைக் கிழித்துச் சுற்றினார். "சேட் ஒண்டு போட்டுக்கொண்டு வாறன்" என்றார். பிறகு பாதி தெளித்த வலையைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நண்டு செத்தால் அன்றைய பாடு போச்சு.

"நீங்கள் போங்கோ. இது என்ரை வேலைதானே, தெளிச்சு முடிச்சு நிறுத்துக் குடுக்கிறன்" என்றாள் யசிந்தா, தலையை நிமிர்த்தாமல். "கஜீபன், நீ கூடப் போ."

மூவரும் ஒரு ஓட்டோவில் போனார்கள். இரத்த வங்கியில் சுவரோடு போட்ட நீட்டு வாங்கில்களில் சனம் நிறைந்திருந்தது. அதில் குருநகர் ஆட்களும் இருந்தார்கள். சவேரியார் ஒழுங்கை மனிசி ஒருத்தி, "மரியரட்ணம் அண்ணையோ? என்ன, ஆருக்கும் சுகமில்லையோ?" என்று கேட்டாள். மாமா இப்படியே திரும்பி நடந்துவிடுவார் என்று கஜீபன் நினைத்தான்.

மரியரட்ணம் யன்னலுக்குப் போனார். உள்ளே இருந்த மிஸ், வந்தவர்களோடு கஜீபனைக் கண்டதும் விளங்கிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, இஞ்சை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உள்ளை வாங்கோ, டொக்டர் தனியக் கதைப்பா."

"பரவாயில்லைப் பிள்ளை. எழுதுங்கோ." கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. தாழ்த்தத் தெரியாது, இல்லாவிட்டால் தாழ்த்த மனமில்லை. "சூசைப்பிள்ளை மரியரட்ணம். குருநகர். நேற்று மண்டபத்திலை குடுத்தனான். பச்சை குத்தினதை மறைச்சுக் குடுத்தனான். என்ரையைப் பாவிக்காதையுங்கோ. மற்றவையின்ரையை விடுங்கோ."

கேள்வி கேட்ட மனிசி கையிலிருந்த விசிறியை நிறுத்தினாள்.

"அந்தோனிப்பிள்ளை கிறிஸ்ரோபர்" என்றான் பின்னால் நின்றவன். "என்ரையும் வேண்டாம் பிள்ளை. அக்கா, ஏன் ஒதுங்கிறியள்? பக்கத்திலை இருந்தால் தொத்தாது. இருங்கோ."

மனிசி வெட்கப்பட்டாளோ என்னவோ, நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள். அவள் விட்ட இடத்தில் மரியரட்ணம் இருந்தார். கஜீபன் தன் கையை அவருடைய முழங்கால் மேல் வைத்தான். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

டொக்டர் அபிகாயில் வெளியே வந்து இருவரையும் உள்ளே கூட்டிப் போனாள். போகும்போது கஜீபனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். றமேசை இங்கே வரச் சொல்லும்படியும், இந்த வருத்தத்துக்கு இப்போது மருந்து இருக்கிறது, இலவசம், ஒழுங்காய்ப் போட்டால் அவனும் எல்லோரையும் போல நரைத்துக் கிழவனாகலாம் என்றும் பிறகு சொல்லி அனுப்பினாள். கஜீபன் வெளியே வந்து றமேசுக்குப் போன் எடுத்தான். கேட்டுவிட்டு அவன், "நீங்கள் மூண்டு பேரும் அங்கையோ நிக்கிறியள்?" என்று கேட்டான். "ஓம்" என்றான் கஜீபன். "அப்ப நாளைக்கு பஸ் எடுக்கிறன்" என்றான் றமேஸ்.

மற்றப் பைகளை விடலாம் என்று டொக்டர் உள்ளே சொன்னாள். வெயில் சரிகிற நேரம், இரவு போனில் கேட்ட அந்தக் கனமான கதவு திறந்தது. சிற்றூழியர் ஒருவர் குளிர்ப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். "வழி, வழி, பிள்ளைப்பேற்று வார்ட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டு நடைபாதைக்குள் திரும்பினார். கிறிஸ்ரோபர் சுவரோடு ஒட்டி நின்றான். மரியரட்ணம் வாங்கிலிலிருந்து எழும்பி, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்தார். பெட்டிக்குள் ஆருடைய பைகள் போகின்றன என்று கஜீபனுக்குத் தெரியாது. தங்கள் மூன்று பேருடையது அதில் இல்லை என்பது மட்டும் தெரியும். வண்டி திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.